ஒலிபெருக்கிக்கு முன் ஒரு சிறு பெட்டி

ஆரணியில் பகற்பொழுதில் காதில் விழுவது தறியின் ஓசை. கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த அவ்வூரின் நெசவாளர் தெருக்களில் நடந்து செல்பவர், நாடா ஓடித் திரும்புவதையும் மிதிகட்டை எழுந்து தாழ்வதையும் கேட்டுக்கொண்டே போகலாம். திருவிழாக் காலமானால் இரவில் வேறோர் ஓசை வந்து சேரும். அது ஒலிபெருக்கியின் ஓசை. நான் இன்று மாணவ நேயர்களிடம் சொல்ல வந்த செய்தி இந்த இரண்டாவது ஓசையைப் பற்றியதே. ஆயினும் முதல் ஓசையும் இடையிடையே குறுக்கிடும். அதைப் பொறுத்தருள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் அவ்வூர்க் கோயில் ஒன்றில் நான் கண்ட நிகழ்ச்சி இது. கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி வீணை வாசிக்க அமர்ந்தாள். அவள் தந்தையார் பட்டு நெசவாளர். வீணையின் உடலில் நாணய அளவான வில்லை ஒன்றை ஒட்டி, அதன் கம்பியை நேரே ஒலிபெருக்கியில் செருகியிருந்தார்கள். வாசிப்புத் தொடங்கியது. கேட்டதோ வீணையின் நாதமன்று. தகரத்தை நகத்தால் சுரண்டுவது போன்ற மெல்லிய கீச்சொலி. மைக் செட்டுக்காரர் மேடையருகே வந்து, "பாப்பா, கொஞ்சம் பலமா மீட்டும்மா" என்றார். "பலமாத்தான் மீட்டறேன் அண்ணா" என்றாள் அவள், கண்கலங்க. அவர் விசையைத் திருப்பினார், ஒலிபெருக்கி ஊளையிட்டது. முன்வரிசையில் இருந்தவர்கள்கூட எழுந்து போயினர். அந்தப் பெண்ணுக்கு வாசிப்புச் சரியாக வரவில்லை என்றே பலரும் எண்ணினர். உண்மையில் பிழை அவளிடம் இல்லை, வீணையிடம் இல்லை, ஒலிபெருக்கியிடமும் இல்லை. இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய ஒன்று இல்லை; அவ்வளவே.

அந்த ஒன்றுக்குத்தான் பிரீ-ஆம்ப்ளிஃபயர் என்று பெயர். முன்பெருக்கி என்று தமிழில் சொல்லலாம். கலைஞரின் காலடியில் வைத்து மிதித்து இயக்கும் சிறு பெட்டியாகவும் இது கிடைக்கிறது. அதைப் பெடல் என்பர். கைகள் இரண்டும் வாத்தியத்தில் இருக்கும்போது காலைத் தவிர வேறு எதனால் இயக்குவது? கையால் நாடாவை ஓட்டிக்கொண்டே காலால் பாவைப் பிரிக்கும் நெசவாளர் இந்த வழியை என்றோ கண்டுகொண்டார்.

முதலில் அந்த வில்லையைக் கவனிப்போம். சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னழுத்தம் தோன்றும் என்பதைப் பிரெஞ்சு நாட்டுச் சகோதரர்களான ஜாக் கியூரியும் பியர் கியூரியும் 1880-இல் கண்டறிந்தனர். பீசோ மின்சாரம் என்பது இதுவே. வீணையின் உடல் அதிரும்போது வில்லையும் அதிர்கிறது. அதற்கேற்ப மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது. ஆனால், மின்னோட்டம் தரும் வலிமை இதற்கு மிகக் குறைவு. பட்டுக்கூட்டிலிருந்து இழை எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு கூட்டில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் இழை இருக்கும். மெல்ல இழுத்தால் முழுவதும் வரும். முரட்டுக்கை பட்டால் அறுந்துபோகும். மைக்குக்கென அமைந்த ஒலிபெருக்கியின் வாயில், இந்த வில்லையைப் பொறுத்தவரை முரட்டுக்கைதான்.

கணக்காகவே பார்ப்போம். வில்லையின் மின்தேக்கு திறன் 1,000 பிக்கோஃபாரட் என்றும், ஒலிபெருக்கியின் வாயில் தடை 10,000 ஓம் என்றும் கொள்வோம். இவ்விரண்டையும் 'பை' என்னும் எண்ணின் இருமடங்கையும் பெருக்கி, ஒன்றை அத்தொகையால் வகுத்தால், வினாடிக்கு ஏறக்குறைய 16,000 அதிர்வுகள் என்ற எல்லை கிடைக்கும். அந்த எல்லைக்குக் கீழே இறங்க இறங்க ஒலி தேய்ந்துகொண்டே போகும். வீணையின் கனத்த தந்தி ஒன்று வினாடிக்கு 80 தடவை அதிர்கிறது என்றால், அதன் மின்னழுத்தத்தில் இருநூற்றில் ஒரு பங்கே ஒலிபெருக்கிக்குப் போய்ச் சேரும். தந்தியில் நகம் படும்போது எழும் 4,000 அதிர்வுக் கீச்சொலியோ கால் பங்கு போய்ச் சேரும். நாதம் மறைந்து நகவொலி எஞ்சியதன் காரணம் இதுதான். அந்தப் பெண் எவ்வளவு பலமாக மீட்டினாலும் இந்த விகிதம் மாறப்போவதில்லை.

வாயில் தடையை 10,000 ஓமிலிருந்து ஒரு கோடி ஓமாக உயர்த்திவிட்டால் அந்த எல்லை 16 அதிர்வுகளுக்கு இறங்கிவிடும். அப்போது 80 அதிர்வுத் தந்தியின் ஒலி நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு கிடைக்கும். முன்பெருக்கியின் முதல் வேலை இதுவே: இழையை அறுக்காமல் வாங்குவது. பழைய நாளில் வெற்றிடக் குழாய்கள் இதைச் செய்தன. இன்று புலவிளைவு டிரான்சிஸ்டர் என்னும் கடுகளவான கருவி செய்கிறது. அது மின்னழுத்தத்தை அறிந்துகொள்ளுமேயன்றி மின்னோட்டத்தை ஏறக்குறைய இழுப்பதே இல்லை.

இரண்டாவது வேலை பெருக்குவது. பெருக்குவதற்குத்தான் ஒலிபெருக்கி இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். எங்கே பெருக்குவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வாத்தியத்திலிருந்து வருவது 2 மில்லிவோல்ட் என்று கொள்வோம். மேடையிலிருந்து ஒலிபெருக்கி வரை செல்லும் நீண்ட கம்பி, பக்கத்தில் ஓடும் விளக்குச் சரங்களின் மின்கம்பிகளிலிருந்து 1 மில்லிவோல்ட் இரைச்சலை வாங்கிக்கொள்கிறது என்றும் கொள்வோம். இரைச்சல் இசையில் பாதியளவு! இதன்பின் ஒலிபெருக்கி எத்தனை மடங்கு பெருக்கினாலும் இரண்டும் சேர்ந்தே பெருகும். கம்பிக்குள் நுழையுமுன்பே இசையை நூறு மடங்கு பெருக்கி 200 மில்லிவோல்ட் ஆக்கிவிட்டால், அதே இரைச்சல் இருநூற்றில் ஒரு பங்காகிவிடும். பெட்டியைக் கலைஞரின் காலடியில் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெருக்கும் கருவியே சிறிது இரைச்சலை உண்டாக்கும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். எந்தத் தடையிலும் வெப்பத்தால் எலெக்ட்ரான்கள் ஓயாமல் அலைகின்றன. அதனால் எழும் இரைச்சலை ஜான்சன் அளந்தும் நைக்விஸ்ட் கணக்கிட்டும் 1928-இல் வெளியிட்டனர். பல படிகளாகப் பெருக்கும்போது, முதற்படி போதிய அளவு பெருக்கினால், மொத்த இரைச்சலைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அம்முதற்படியே என்று 1944-இல் ஃப்ரீஸ் என்பவர் கணக்கிட்டுக் காட்டினார். ஆரணி நெசவாளருக்கு இது புதிய செய்தியன்று. கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு பசையே. நூலை முறுக்கி, சோப்பும் சோடாவும் இட்டு வேகவைத்து, அந்தப் பசையை நீக்கிச் சாயம் ஏற்றிய பின்னரே பாவு தறிக்கு வரும். பசை சரியாகப் போகாத நூலில் சாயம் திட்டுத்திட்டாக நிற்கும். அதைத் தறியில் அமர்ந்து எவராலும் திருத்த முடியாது.

மூன்றாவது வேலை தொனியைத் திருத்துவது. பெட்டியின் மேலுள்ள திருகுகளில் ஒன்று மந்திர ஒலிகளையும், ஒன்று நடுத்தர ஒலிகளையும், மற்றொன்று உச்ச ஒலிகளையும் ஏற்றவும் தாழ்த்தவும் பயன்படும். பல கருவிகளில் இதற்கெனக் கையாளும் மின்சுற்று, ஆங்கிலப் பொறியாளர் பீட்டர் பாக்ஸண்டால் 1952-இல் வெளியிட்ட முறையைத் தழுவியது. ஆனால் தொனி என்பது திருகில் பிறப்பதன்று. வீணை, தம்புரா ஆகியவற்றின் வளைந்த குதிரையின்மேல் தந்தி தொட்டுத் தொட்டு அதிர்வதால் மேற்சுரங்கள் மிகுதியாகப் பிறக்கின்றன என்று ஸர் சி. வி. ராமன் 1921-இல் எடுத்துக்காட்டினார். அந்த மேற்சுரங்களைக் கெடுக்காமல் விடுவதே நல்ல முன்பெருக்கிக்கு அழகு. திருகுகளை மனம்போனபடி திருப்பி, வீணையைக் கிதாராக மாற்றிவிடுபவர்களும் உண்டு. அதை நான் திருத்தம் என்று சொல்லமாட்டேன்.

ஆனால் பெட்டியும் வாத்தியத்தின் ஓர் அங்கமாகிவிட்ட இடங்கள் உண்டு. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் அவர்களை (1969-2014) நினைத்துப் பாருங்கள். அவர் கையிலிருந்தது ஐந்து தந்திகளையுடைய மின்சார மாண்டலின். சாதாரண மாண்டலினில் சுரம் எழுந்தவுடன் மடிந்துவிடும், கமகத்துக்கு இடமில்லை. மின்சார மாண்டலினிலோ சுரம் நீண்டு நிற்கும். அதற்குள் அசைவும் வளைவும் கொடுக்கலாம். பெருக்கி இல்லையேல் அவர் வாசித்த ராகங்கள் அடுத்த அறைக்குக்கூடக் கேட்டிரா.

குரலின் கதை சற்று வேறு. எஸ். ஜி. கிட்டப்பா (1906-1933) போன்றவர்கள் நாடகக் கொட்டகையின் கடைசி வரிசை வரை தம் குரலாலேயே எட்டினர். உச்ச சுருதி அவர்களுக்கு அழகுமட்டுமன்று, தேவையும்கூட. செய்யாறு வட்டாரத்துப் புரிசை போன்ற ஊர்களின் தெருக்கூத்துக் கலைஞர்களும் திறந்த வெளியில் அப்படியே பாடி வந்தவர்கள். மைக் வந்தபின் தாழ்ந்த சுருதிக்கும் வாழ்வு வந்தது. எம். டி. ராமநாதன் அவர்களின் ஆழ்ந்த மந்திரக் குரல் பெரிய மண்டபங்களில் பின்வரிசைக்கும் எட்டியதற்கு மைக்குக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து. பாடகரின் மைக்கிலிருந்து வருவதும் சில மில்லிவோல்ட்டே. வாயருகே நெருங்கினால் பெரும்பாலான மேடை மைக்குகளில் மந்திர ஒலி அளவுக்கு மீறி வீங்கும், சொற்கள் தெளிவிழக்கும். சுமார் 100 அதிர்வுகளுக்குக் கீழுள்ளவற்றை முன்பெருக்கியில் வெட்டிவிட்டால் சாகித்தியம் விளங்கும்.

நான் சொல்லிவந்த பெட்டி அனலாக் வகையைச் சேர்ந்தது. அதில் மின்னழுத்தம் இசையைப் போலவே தொடர்ச்சியாக ஏறி இறங்குகிறது. டிஜிட்டல் கருவியோ அதை எண்களாக நறுக்குகிறது. குறுந்தகட்டில் வினாடிக்கு 44,100 எண்கள். எண்ணாக்கி மீண்டும் ஒலியாக்குவதில் சிறிது காலதாமதமும் நேரும். அனலாக் ஒன்றே புனிதம் என்று வாதிடுவோரை நான் பின்பற்றவில்லை. இழையை முதலில் வாங்கும் அந்த வேலைக்கு மட்டும், எந்த டிஜிட்டல் கருவியின் வாயிலிலும் ஓர் அனலாக் சுற்றே நிற்கிறது.

மறு ஆண்டு அதே மேடையில் அந்தப் பெண் மீண்டும் அமர்ந்தாள். காலடியில் 9 வோல்ட் பாட்டரியால் இயங்கும் சிறு பெட்டி இருந்தது. தந்தையார் அதைக் குனிந்து பார்த்து, "இதுவும் மிதிதானாம்மா?" என்று கேட்டார். "ஆமாம்பா. ஆனா ஒரு தடவை மிதிச்சாப் போதும்" என்றாள். முதல் சுரம் எழுந்ததும் மைக் செட்டுக்காரர் விசையருகே கையைக் கொண்டுபோனார். சிறிது கேட்டுவிட்டு, ஒன்றையும் தொடாமல் கையை எடுத்துக்கொண்டார்.