துளை வழியே எட்டிப் பார்த்தால்

அறுவை அரங்குக்கு வாங்க, முதலில் ஈய அங்கியை மாட்டிக்கொள்ளுங்கள்! கனக்கத்தான் செய்யும், உள்ளே எக்ஸ்ரே அடிக்கடி மின்னும். மேசையில் குப்புறப் படுத்திருப்பவர் விளையாட்டு வீரர். இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு (டிஸ்க்) பிதுங்கி நரம்பை அழுத்த, வலி கால்வரை இறங்குகிறது. வேடிக்கை என்னவென்றால், ஆள் தூங்கவே இல்லை!

"தம்பி, காலுக்குள்ள சுரீர்னு இழுக்குதா?"

"இல்ல டாக்டர்."

"இழுத்தா உடனே சொல்லுங்க."

எண்டோஸ்கோப்பி முறையின் சூட்சுமமே இதுதான். பக்கவாட்டில் சுமார் 8 மி.மீ. துளை. மரத்துப்போக ஊசி உண்டு, ஆனால் நரம்பு விழித்தே இருக்கும். கருவி உரசினால் நோயாளியே குரல் கொடுத்துவிடுவார். நுழையும் சந்துக்குக் காம்பின் முக்கோணம் என்று பெயர், அதை அடையாளம் காட்டிய டாக்டர் பர்விஸ் காம்பினின் நினைவாக. (கடைசி ஜவ்வுக்கு இடுப்பெலும்பு குறுக்கே நிற்கலாம், அப்போது பெரும்பாலும் பின்பக்கமாகப் போவார்கள்.) உப்புநீர் ஓட, திரையில்... ஐயோ, நீலம்! சில மருத்துவர்கள் முன்கூட்டியே ஏற்றும் சாயம் சிதைந்த ஜவ்வில் பிடித்திருக்கிறது. குட்டி இடுக்கி கவ்வி இழுக்க, உரித்த நண்டுச் சதைபோல ஒரு துண்டு வெளியே வருகிறது!

இதே ஜவ்வை எடுக்க இன்னும் இரண்டு முறைகள் உண்டு, அவற்றில் பெரும்பாலும் முழு மயக்கம். நுண்ணோக்கி முறையில் சுமார் 3 செ.மீ. கீறி, தசையை எலும்பிலிருந்து ஒதுக்குவார்கள். 1997இல் ஃபோலியும் ஸ்மித்தும் அறிமுகப்படுத்திய குழாய் முறையில், ஒன்றின்மேல் ஒன்றாகக் குழாய்களைச் செருகி தசையிழைகளை விலக்குவார்கள், அறுப்பதில்லை.

வீரனுக்குத் தசைதானே சொத்து, குழாய்தான் ஜெயிக்கும் என்று பந்தயம் கட்டாதீர்கள். பொதுவான நோயாளிகளிடம் நடந்த நெதர்லாந்து ஆய்வு 2009இல் வெளிவந்தபோது, குழாய் முறை நுண்ணோக்கியை மிஞ்சவில்லை. 2022இல் அதே நாட்டின் இன்னோர் ஆய்வில், கால்வலியைக் குறைப்பதில் எண்டோஸ்கோப்பியும் பின்தங்கவில்லை. என்னைக் கேட்டால், கை பழகிய மருத்துவரைத் தேடுவேன். துளையின் அளவு அப்புறம்.

ஒரே அறுவையோடு கதை முடிந்துவிடும் என்றும் சொல்ல முடியாது, கோல்ஃப் வீரர் டைகர் உட்ஸையே பாருங்கள். 2014 மார்ச் இறுதியில் நுண் அறுவை. ஜூனில் மறுபடி கோல்ஃப் மைதானம். 2015இல் மீண்டும் அறுவை. 2017இல் முள்ளெலும்புகளையே இணைத்துவிட்டார்கள். அந்த இடுப்போடுதான் 2019 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியை வென்றார்!

இதோ, நம்ம ஆளுக்குத் தோலில் தையல் போட்டாயிற்று. ஜவ்வின் வெளிவளையத்தில் இருக்கும் ஓட்டைக்கு? பெரும்பாலும் தையலே கிடையாது, தானாகத் தழும்பேறி மூட வேண்டும். மாலையே எழுந்து நடக்கும் வீரரைப் பயிற்சியாளர் வாரக்கணக்கில் குனியவிடாமல் காவல் காப்பது அதற்காகத்தான்.