வயது வந்தோரின் வகுப்பறை

1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம் புதுக்கோட்டைப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. வயது கடந்தவர்க்கும் கல்வி உரிமை உண்டு என்பதை இம்மண் அன்றே காட்டியது.

இன்று அந்த உரிமைக்கு ஒரு வழி தாட்கோ. 1974இல் உருவான இக்கழகம், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான திறன் பயிற்சிகளின் கட்டணத்தை ஏற்கிறது. பல பயிற்சிகளுக்கு விடுதிச் செலவையும் தருகிறது. விண்ணப்பம் தாட்கோ இணையதளத்தில். வயதும் கல்வித் தகுதியும் பயிற்சிக்குப் பயிற்சி மாறும். சாதிச் சான்று, வருமானச் சான்றுகளை இ-சேவை மையம் வழியே முன்னரே வாங்கி வைக்க வேண்டும்.

கிறித்தவரான தலித் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பதால், அதே சேரியில் வாழ்ந்தும் இதற்கு விண்ணப்பிக்க முடியாது. படிவம் நிரப்பித் தருவது நம் வேலை. இந்த அநீதியைக் கேட்பதும் நம் வேலைதான்.