அரைப்பேர்கூட விழாத வேலை

‘வீட்டிலிருந்தே கருத்துச் சொல்லுங்கள், டொலரில் உழையுங்கள்.’ பசறை, லுணுகலை, ஹாலிஎல, தெமோதரை என்று பதுளை மாவட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் வாட்ஸ்அப் குழுக்களில் இந்த அழைப்பு சுற்றிக்கொண்டிருக்கிறது. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் தோட்டத்துப் பெண்பிள்ளை அந்த லிங்கைத் தட்டிப் பார்த்தால் அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் முன்னால் கிடக்கிற மற்ற வழிகள் என்ன? கொழுந்து மலை, கொழும்பில் ஒரு புடவைக்கடை, கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலை, அதுவும் இல்லையென்றால் குவைத். லயத்தைவிட்டு நகராமலே நாலு காசு வரும் என்றால் யாருக்குக் கசக்கும்?

கணக்கும் முதலில் இனிக்கத்தான் செய்கிறது. 2021 மார்ச்சில் 1000 ரூபாவான தோட்ட நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1350 ஆனது. 2026 வரவு செலவுத் திட்டம் அடிப்படையை 1550 ஆக்கி, வருகைக்கு அரசாங்கம் 200 ரூபா சேர்த்து, 1750 என்று அறிவித்தது. இந்தப் பக்கம், கால் மணித்தியால சர்வே ஒன்றுக்கு அரை டொலர் என்று திரையில் போட்டிருக்கும். டொலருக்கு 300 ரூபா பிடித்தால் 150 ரூபா. மூன்று மணித்தியாலத்தில் 12 சர்வே முடித்தால் 1800 ரூபா. ஒரு முழுப்பேரைவிட, அதாவது முழுநாள் கூலியைவிட அதிகம், அட்டைக்கடியும் கிடையாது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐயும் தாண்டி ஏறியபோது இந்தக் கணக்கு இன்னும் பளபளத்தது.

அந்த 12 சர்வே எங்கிருந்து வரும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஒரு சோப்புக் கம்பெனியோ கார்க் கம்பெனியோ புதுச் சரக்கை இறக்குமுன், அதை வாங்கக்கூடியவர்களின் மனதை அறியப் பார்க்கிறது. இந்த நாடு, இந்த வயது, இந்த வருமானம், கடந்த ஆறு மாதத்தில் இன்னதை வாங்கியவர்கள், இத்தனை பேர் வேண்டும் என்று ஆய்வு நிறுவனத்திடம் சொல்கிறது. டொலூனா, ஸ்வாக்பக்ஸ், வைசென்ஸ் போன்ற தளங்கள் அந்த ஆட்களைப் பிடித்துக் கொடுக்கின்றன. கருத்து என்று சொல்லப்பட்டாலும் அங்கே விலை போவது உங்கள் முகவரியும் பணப்பையும்தான். அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ இருப்பவருக்கு நாள் முழுக்க வரும் சர்வே, இலங்கை என்று பதிந்தவருக்கு எப்போதாவது ஒன்று எட்டிப் பார்க்கும். பல்கலைக்கழக ஆய்வுகளுக்கு ஆள் சேர்த்து, கொஞ்சம் நியாயமாகக் கூலி தருகிற ப்ரொலிஃபிக்கும் பெரும்பாலும் பணக்கார நாடுகளிலிருந்துதான் ஆள் எடுக்கிறது.

ஊவாத் தேயிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும் பருவத்தில் இங்கே எடுக்கிற கொழுந்தின் வாசனைக்கு உலகச் சந்தையில் தனி மரியாதை. அந்தத் தேயிலையின் பெட்டி நீலமாக இருக்கலாமா, பச்சையாக இருக்கலாமா என்று ஐரோப்பாவில் குடிக்கிறவரிடம் காசு கொடுத்துக் கேட்பார்கள். தம்பேதன்னையில் பறித்தவரைக் கேட்பதற்கு யாரும் பணம் ஒதுக்குவதில்லை. தோமஸ் லிப்டன் 1890இல் அங்கே தோட்டம் வாங்கிய காலத்திலிருந்து நடைமுறை இதுதான்.

அடுத்த சங்கதியைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப்பேர் போடுவார்கள். எவ்வளவு வயிற்றெரிச்சல் என்றாலும் பாதியாவது கைக்கு வரும். சர்வேயில் அதுவும் கிடையாது. வயது, தொழில், வீட்டில் எத்தனை பேர், வாகனம் உண்டா, எந்த வங்கி என்று ஐந்து பத்து நிமிடம் கேட்டுவிட்டு, ‘மன்னிக்கவும், இதற்கு நீங்கள் பொருந்தவில்லை’ என்று வெளியே தள்ளிவிடும். நேரமும் டேட்டாவும் போனதுதான். சொன்ன விவரங்கள் மட்டும் அவர்களிடம் பத்திரமாக இருக்கும்.

இது நம்மூர்ப் புலம்பல் மட்டுமல்ல. அமேசனின் மெக்கானிக்கல் டர்க் தளத்தில் 2676 பேர் செய்த 38 இலட்சம் சில்லறை வேலைகளை அலசிய ஆய்வு ஒன்று 2018இல் வெளிவந்தது. வரிசையின் நடுவில் நிற்கும் ஆளுக்கு மணிக்குச் சுமார் 2 டொலர்தான் தேறியது. அமெரிக்கச் சட்டக் கூலியான 7.25 டொலரைத் தாண்டியவர்கள் 4 சதவீதம். வேலை தேடித் திரிந்த நேரமும், தொடங்கிக் கைவிட்ட வேலையின் நேரமும் கூலியைத் தின்றிருந்தன. வேலை கொட்டிக் கிடக்கும் தளத்திலேயே கதி அதுவென்றால், பதுளைக்கு வரும் நாலைந்து சர்வேயை வைத்து என்ன செய்வது? செய்து பார்க்க நினைப்பவர்கள், சர்வே தொடங்கிய நிமிடத்திலிருந்து அல்லாமல், போனைக் கையில் எடுத்த நிமிடத்திலிருந்து மணி பார்க்க வேண்டும்.

லயத்து வாழ்க்கைக்கும் இந்தத் தளங்களின் விதிகளுக்கும் ஒத்தே வராது. பல தளங்களில் ஒரு வீட்டுக்கு ஒரு கணக்குத்தான். ஒரே போனில் அக்காவும் தம்பியும் தனித்தனிக் கணக்குத் திறந்தால், ஒருநாள் இரண்டையும் மூடிவிடுவார்கள், சேர்ந்திருந்த மிச்சத்தோடு. விபிஎன் போட்டு அமெரிக்காவில் இருப்பதாக நடிக்கலாம் என்று யோசனை சொல்லும் யூடியூப் அண்ணன்மார் நிறைய. நாட்டை மறைத்துப் பதில் எழுதும் கூட்டம் பெருகி 2018இல் ஆய்வாளர்களே கலங்கிப்போனார்கள். அதற்குப் பிறகு காவல் இறுகிவிட்டது.

சிக்னலைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லவிலும் பண்டாரவளையிலும் வெள்ளைக்காரர் கோப்பியோடு உட்கார்ந்து வீடியோ பேசுகிறார்கள். பள்ளத்து லயத்தில் மெசேஜ் போவதற்கே வாசலுக்கு வர வேண்டும். 2021இல் பாடசாலைகள் மூடியிருந்தபோது லுணுகலைப் பிள்ளைகள் ஒன்லைன் வகுப்புக்காகக் காட்டு மலையுச்சியில் இருந்த மரவீட்டுக்கு ஏறிப் போன செய்தி உலகமெல்லாம் ஓடியது. பாதியில் இணைப்பு அறுந்தால் சர்வே காத்துக்கொண்டிருக்காது.

இத்தனையும் கடந்து 10 டொலர் சேர்ந்துவிட்டது என்று வைப்போம். அதை எடுப்பது எப்படி? பெரும்பாலான தளங்கள் பேபாலில் தரும். இலங்கைக் கணக்கிலிருந்து பேபால் வழியாகப் பணம் அனுப்பலாம், பெற முடியாது என்பது நெடுங்கால நிலை. அமேசன் பரிசு அட்டை தருவார்கள். அதைப் பதுளை பஸார் வீதியில் எந்தக் கடையில் நீட்டுவது? பேயோனியர், ஸ்க்ரில் போன்ற வழிகள் உண்டு. ஆனால் அவற்றின் கட்டணங்கள் மாதம் ஆயிரம் டொலர் உழைப்பவருக்குத்தான் உறைக்காது.

இவ்வளவும் கைச்செலவுக்குக்கூடக் காணாது என்கிற அலுப்புதான். நான் பயப்படுவது, சர்வே என்ற பெயரை மட்டும் ஒட்டிக்கொண்டு டெலிகிராமில் வருகிற இன்னொன்றுக்கு. ஹோட்டலுக்கு நட்சத்திரம் போடுங்கள், வீடியோவுக்கு லைக் போடுங்கள் என்பார்கள். அன்றைக்கே சில நூறு ரூபா கணக்கில் விழும். நிஜக் காசு. நம்பிக்கை வந்ததும், 5000 போட்டால் 7000 என்று அடுத்த படி. திரையில் இலட்சம் தெரியும். எடுக்கப் போனால், முதலில் வரி கட்டு, மேல்நிலைக்கு ஏறு என்று இன்னும் கேட்பார்கள். தோடு அடகுக்குப் போவது இந்தக் கட்டத்தில்தான்.

2024 ஜூன் கடைசியில் மாதிவெல, பத்தரமுல்லை, நீர்கொழும்பு ஆகிய இடங்களில் இருந்து குறைந்தது 60 இந்தியர்களைக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் பிடித்தது. சமூக ஊடகச் சில்லறை வேலைக்குக் காசு என்று வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கப்பட்ட ஒருவர் கொடுத்த முறைப்பாடுதான் தொடக்கம். முதலில் கொஞ்சம் கொடுத்து, பிறகு பணம் வைப்பிடச் சொல்லி நெருக்கியிருந்தார்கள். பேராதனையில் ஒரு தகப்பனும் மகனும் அந்த மோசடிக்காரர்களுக்கு உதவியதாக ஒப்புக்கொண்டார்கள். உன் வங்கிக் கணக்கைக் கொஞ்சம் தா, கொமிஷன் தருகிறோம் என்று யாராவது கேட்டால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். பொலிஸ் தேடி வரும்போது கணக்கில் இருப்பது உங்கள் பெயர்.

ஆள் சேர்த்தால் காசு என்பது இதன் பெரியண்ணன். ஒன்மேக்ஸ் டிடி, எம்டிஎஃப்இ போன்றவற்றை 2023இல் மத்திய வங்கி தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்கள் என்று பெயர் சொல்லியே அறிவித்தது. தோட்டத்தில் இவை பரவுவது சொந்தத்தின் வழியாக. மாமா மகன் சொன்னால் சீட்டுக்குக் கட்டுகிற மாதிரி நம்பிக் கட்டுகிறோம். உண்மையான சர்வேத் தளம் உங்களிடம் ஒரு சதமும் கேட்காது; கேட்டால் அந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். ஏமாந்துவிட்டால் முதலில் வங்கிக்குச் சொல்லுங்கள், பிறகு இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101க்கு அழையுங்கள். மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் இலக்கம் 1935.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில், தனி மின்னஞ்சல் ஒன்றை வைத்துக்கொண்டு, வங்கி விவரம் கொடுக்காமல் சர்வே செய்கிறவரை நான் தடுக்க மாட்டேன். ரீலோட் காசு வரலாம். ஆனால் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் சரளமாக எழுதும் பிள்ளைகள் ஊவாவில் இருக்கிறார்கள். அதே மூன்று மணித்தியாலத்தை மொழிபெயர்ப்புப் பழகவோ, ஒன்லைனில் கணிதம் சொல்லிக் கொடுக்கவோ செலவழித்தால் வருகிற காசுக்கு முகவரி தடையில்லை.

வருமான வரி வருமா என்றும் சிலர் கேட்கிறார்கள். 2025 ஏப்ரலிலிருந்து ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபா வரை தனிநபருக்கு வரி இல்லை; அதற்கு மேல், வெளிநாட்டுக்குச் சேவை செய்து டொலராகக் கொண்டுவரும் வருமானத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதம். மொழிபெயர்ப்பாளருக்கு அந்தக் கவலை ஒருநாள் வரலாம். சர்வேக்காரருக்கு வராது.