தென்னையின் குருத்தழுகல் நோயும் அதைத் தடுக்கும் முறையும்

மா, பலா முதலிய மரங்களில் ஒரு கிளை பட்டுப்போனால் மற்றக் கிளைகள் தழைத்து மரம் பிழைத்துக்கொள்ளும். தென்னைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதன் உயிர்நிலை தலையின் நடுவே மட்டைகளுக்குள் ஒடுங்கியிருக்கும் குருத்து ஒன்றே. அது முற்றும் அழுகினால் மரம் மடிவது நிச்சயம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோதாவரி டெல்டாவில் பனை, தென்னை மரங்கள் இந்நோய்க்கு இரையாயின. அதை ஆராய்ந்த ஈ. ஜே. பட்லர் என்னும் சாஸ்திரி, 1907-ஆம் ஆண்டில் நோய்க்குக் காரணமான பூசணத்தை விவரித்தார். பைட்டாப்தோரா பால்மிவோரா என்பது அதன் இன்றைய பெயர். மழைக்காலத்து ஈரத்தில் இது விரைந்து பெருகும். இளமரங்களையே அதிகம் தாக்கும்.

முதலில் நடுக்குருத்து வெளுத்து, பின் பழுப்பேறி வாடும். அடிப்பாகம் அழுகுவதால் இலேசாக இழுத்தாலும் கையோடு வந்துவிடும், துர்நாற்றமும் வீசும். ஆனால் சுற்றிலுமுள்ள பழைய மட்டைகள் சில மாதங்கள் வரை பசுமையாகவே நிற்கும். அப்பசுமையைக் கண்டு குடியானவர் ஏமாறுவதுண்டு. மட்டையைப் பாராமல் குருத்தைப் பார்ப்பதே அறிவுடைமை.

குருத்து வாடக் கண்டவுடன் மரமேறி, அழுகிய பாகம் முழுவதையும் நல்ல சதை தெரியும்வரை செதுக்கி எடுத்து எரித்துவிட வேண்டும். பிறகு அவ்விடத்தில் போர்டோ பசையைத் தடவி, புதுக்குருத்து வெளிவரும்வரை மழைநீர் இறங்காதபடி மூடிவைக்க வேண்டும். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, துத்த நீரைச் சுண்ணாம்பு நீரில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கினால் இப்பசை கிடைக்கும். மண் அல்லது மரப் பாத்திரமே உகந்தது. இரும்புப் பாத்திரம் ஆகாது. துலக்கிய கத்தியைச் சற்று நேரம் கலவையில் அமிழ்த்திப் பார்க்க. செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கலந்த அன்றே உபயோகித்துவிட வேண்டும்.

அண்டையிலுள்ள மரங்களுக்கு, மழை தொடங்குமுன், மயில்துத்தமும் சுண்ணாம்பும் வகைக்கு ஒரு கிலோ, நீர் 100 லிட்டர் என்ற அளவில் கலந்த போர்டோ கலவையைக் குருத்திலும் இளமட்டைகளின் அடியிலும் தெளிக்க வேண்டும். குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டையும் ஒழிக்க வேண்டும். அது செய்யும் காயங்களின் வழியாக அழுகல் எளிதில் புகும்.

பிழைக்க வழியற்ற மரத்தை விட்டுவைப்பது தோப்பு முழுவதற்கும் கேடு. அதை வெட்டி, தலைப்பாகத்தை எரித்துவிடுக. ஒருவர் தோப்பில் அழுகி நிற்கும் மரம் அடுத்தவர் தோப்புக்கும் நோயைக் கொடுக்கும். ஆதலால் கிராமத்தார் யாவரும் கூடி, ஒரே காலத்தில் இவ்வேலையைச் செய்வதே பலன் தரும்.