காமன் பொட்டலில் ஓபரா கண்ணாடி

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரிந்ததும் இலங்கை மலையகத் தோட்டங்களில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். பௌர்ணமியை ஒட்டிய இரவில் விடிய விடியக் கூத்து. தப்பு முழங்க ரதியும் மதனும் ஆடி வருவார்கள். தட்சனின் யாகத்தை அழிக்க வீரபத்திரன் பாய்வான். சிவனின் நெற்றிக்கண் காமனைச் சுட்டெரிக்கும். ஆடுபவர்கள் எல்லோரும் தோட்டத்து ஆட்கள்தான். ரதியாக வருவதும் வழக்கமாக ஓர் ஆண்.

டயகம, அக்கரப்பத்தனைப் பக்கம் சமதரை என்று பெரிதாகக் கிடையாது. கூத்து நடக்கும் பொட்டலைச் சுற்றிப் பிள்ளைகள் முந்தி இடம்பிடித்துவிட்டால், பிந்தி வருபவர்களுக்கு மேடும் லயத்து வாசலும்தான் மிச்சம். அங்கே தப்புச் சத்தத்துக்குக் குறைவிருக்காது. ரதி அழும்போது முகம் எப்படிப் போகிறது என்பதுதான் பிடிபடாது.

காரணம் கணக்கில் இருக்கிறது. நல்ல வெளிச்சத்தில் நல்ல கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறத்தாழ ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கு. 40 மீற்றர் தூரத்தில் அது 12 மில்லிமீற்றராகிறது. ஒரு புருவம் உயர்வது அதற்குள் அடங்கிவிடும். பெற்றோமெக்ஸ் வெளிச்சத்தில் கண்ணின் கூர்மை இன்னும் குறையும்.

ஐரோப்பிய ஓபரா அரங்குகளின் மேல்மாடங்களில் உட்கார்ந்தவர்களுக்கும் இதே தொல்லைதான். அவர்கள் கையில் எடுத்தது ஓபரா கண்ணாடி. அதன் உள்ளே இருப்பது கலிலியோ காலத்துத் தொலைநோக்கி: முன்னால் ஒரு குவிவில்லை, கண்ணருகே ஒரு குழிவில்லை, அவ்வளவே. 1608இல் ஒல்லாந்தில் ஹான்ஸ் லிப்பர்ஷே காப்புரிமை கேட்ட கருவியும், 1610இல் கலிலியோ வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்ட கருவியும் இந்த வகைதான். இரண்டு குவிவில்லைகளை வைத்தால் உருவம் தலைகீழாகிவிடும். அதை நிமிர்த்த பைனாக்குலரில் அரியங்கள் தேவை. குழிவில்லைக்கு அந்த வேலையே இல்லை, காமன் நேராகவே நிற்பான். குழாயும் கட்டை: 90 மில்லிமீற்றர் குவியத்தூர முன்வில்லையும் 30 மில்லிமீற்றர் குழிவில்லையும் சேர்ந்தால் பெருக்கம் மூன்று மடங்கு, நீளம் வெறும் 60 மில்லிமீற்றர். சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். இலண்டனின் பழைய அரங்குகள் சிலவற்றில் காசு போட்டால் எடுத்துக்கொள்ளும்படி முன் இருக்கையின் முதுகிலேயே மாட்டியிருந்தார்கள்.

கூத்துக்காரர்கள் கண்ணாடிக்குப் போகவில்லை, ஆளையே பெருக்கினார்கள். உயர்ந்த கிரீடம், தோளில் புஜகீர்த்தி, முகத்தில் கனத்த அரிதாரம், கையை வீசி வைக்கும் அடவு எல்லாம் தூரத்துக்கென்றே அமைந்தவை போல இருக்கும். 12 மில்லிமீற்றரில் தொலைந்துபோகும் புருவத்தை இரண்டு விரல் அகலத்துக்குத் தீட்டிவிட்டால் மேட்டிலிருப்பவனுக்கும் தெரியும். வில்லையைவிடக் கெட்டிக்கார யோசனை என்றே சொல்லத் தோன்றுகிறது. பார்ப்பவர் ஆளுக்கொன்று வாங்கத் தேவையில்லையே.

ஆனாலும் ஒரு கண்ணாடியோடு காமன் கூத்துக்குப் போனால் என்ன கிடைக்கும்? மூன்று மடங்கு என்றால் 40 மீற்றரில் நிற்பவர் 13 மீற்றருக்கு வந்ததுபோல. அரிதாரத்தின் மேல் வியர்வை மினுங்குவதும், ஒப்பாரி வைக்கும் ரதியின் உதடு கோணுவதும் தெரியும்.

பறவை பார்க்கப் பயன்படும் பத்து மடங்கு பைனாக்குலர் இன்னும் மேல்தானே என்று கேட்கலாம். இரவில் அது ஏமாற்றும். முன்வில்லையின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்துப் பாருங்கள். 25 மில்லிமீற்றர் வில்லையில் பத்து மடங்கு என்றால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றை 2.5 மில்லிமீற்றர் அகலம். இருட்டில் இளவயதுக் கண்மணி 7 மில்லிமீற்றர் வரை விரிந்து காத்திருக்கும். வந்த ஒளி போதாமல் காட்சி மங்கிவிடும். அதே வில்லையில் மூன்று மடங்கு என்றால் கணக்கு 8ஐத் தாண்டும், கண்மணி நிறைந்துவிடும். கை நடுங்கினால் அந்த நடுக்கமும் பத்து மடங்காகும் என்பது தனி.

ஓபரா கண்ணாடிக்கும் ஒரு குறை உண்டு. குழிவில்லை அமைப்பில் பார்வைப் பரப்பு ஒடுங்கிப்போகும். மேடையில் எல்லோரும் எதிரே நிற்கும் ஓபராவுக்கு அது பெரிய நட்டமில்லை. காமன் பொட்டலில் நட்டம்தான். ரதியின் கண்ணீரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால், கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவரும் வீரபத்திரனைத் தவறவிட வேண்டியதுதான். சனம் கத்தி ஒதுங்கும் அந்த நேரத்தில் கண்ணாடியை இறக்கிவிடுவதே புத்தி.

மாசிக் குளிரில் இன்னொரு சங்கடமும் வரும். முகத்திலிருந்து எழும் ஈரச் சூடு குளிர்ந்த வில்லையில் பட்டுப் படலமாகப் பூத்துவிடும். துடைத்தால் மறுபடி பூக்கும். தப்பு ஓயும் நேரங்களில் கண்ணாடியைக் கம்பளிச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டால் அந்தத் தொல்லை குறையும்.