உங்களுக்குத் தெரியுமா? ஜப்பான்காரரின் தானியப் பெயர்கள்

பாரிவாக்கம் பஸ் ஸ்டாப்பில் நின்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஜப்பான் கம்பெனி வேலைக்குப் போகிறவர்களே, வண்டி வருவதற்குள் படித்துவிட ஒரு பிடி செய்தி:

● வயலில் விளைவது நெல், உமி போனால் அரிசி, வெந்தால் சோறு. ஜப்பானியரும் இப்படித்தான் பிரிக்கிறார்கள். பயிர் ‘இனே’, உமியோடு இருந்தால் ‘மொமி’, உமி நீக்கினால் ‘கோமே’, வெந்தால் ‘கோஹான்’. ஆங்கிலேயருக்கு எல்லாமே ‘ரைஸ்’!

● கோதுமைக்குப் பெயர் ‘கோமுகி’, பார்லிக்கு ‘ஓமுகி’. அதாவது சின்ன முகி, பெரிய முகி. நாமோ பார்லிக் கதிரின் நீண்ட கூரைப் பார்த்து ‘வாற்கோதுமை’ என்றோம்.

● மக்காச்சோளத்தின் தாயகம் மெக்சிகோ. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் அதை ஜப்பானுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வைத்த பெயர் ‘தோமொரோகோஷி’. ‘தோ’, ‘மொரோகோஷி’ இரண்டுமே சீனாவைக் குறித்த பழைய சொற்கள். நாம் மக்காவைச் சேர்த்தோம். மெக்சிகோவை யாரும் கண்டுகொள்ளவில்லை.

● நம் தினை அங்கே ‘அவா’; குதிரைவாலியின் நெருங்கிய சொந்தம் ‘ஹியே’; பனிவரகு ‘கிபி’. மஞ்சள் மணி என்ற பொருளில் ‘கிமி’ என்றிருந்ததே ‘கிபி’ ஆனது என்பார்கள். ஜப்பானியக் குழந்தைக் கதை நாயகன் மொமொதாரோ, நாய், குரங்கு, காட்டுக்கோழி மூன்றையும் தன் படையில் சேர்த்தது கிபி உருண்டை கொடுத்துத்தான்.

● மொழியறிஞர் சுசுமு ஓனோ (1919–2008), ‘கோமே’யைத் தமிழின் ‘குமை’யோடும் ‘அவா’வை ‘அவை’யோடும் பொருத்தினார். இரண்டுக்கும் குத்துதல் என்று பொருள் உண்டு. ஜப்பானின் ஜனவரி 15 ‘சிறு புத்தாண்டை’ நம் பொங்கலோடும் ஒப்பிட்டார். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் சண்முகதாஸ், மனோன்மணி தம்பதியர் அவரோடு இணைந்து ஆய்வு செய்தார்கள். ஒலி மாற்றங்கள் ஒழுங்காகப் பொருந்தவில்லை என்று பெரும்பாலான மொழியியலாளர்கள் இந்தச் சொல்லுறவை ஏற்கவில்லை. நெல் சாகுபடி கொரியா வழியாக ஜப்பான் போனது என்பதே தொல்லியல் காட்டும் தடம்.

● சொல்லில் உறவு உண்டோ இல்லையோ, விதையில் உண்டு. 1965-இல் வெளிவந்த ஏ.டி.டி. 27 நெல், ஜப்பானின் நோரின் 10 ரகத்துக்கும் நம் ஜி.இ.பி. 24-க்கும் பிறந்தது. ‘நோரின்’ என்பது அந்நாட்டு வேளாண், வனத்துறையின் பெயர். ஜி.இ.பி. என்பது கோயம்புத்தூரில் இருந்த அரசுத் தாவரவியல் அதிகாரியின் பதவிச் சுருக்கம். அப்பா, அம்மா இருவருக்கும் சர்க்கார் பெயர். பிள்ளைக்கு மட்டும் ஆடுதுறை என்று ஊர்ப்பெயர்!