மூலிகையும் மருத்துவமனையும்: புற்றுநோய்ச் சிகிச்சையில் இரு மரபுகளின் கூட்டு

கடலூரிலிருந்து பரங்கிப்பேட்டை வழியாகச் சிதம்பரம் நோக்கிச் செல்வோர், மணற்பாங்கான நிலங்களிலும் இடுகாட்டு ஓரங்களிலும் ஆண்டு முழுவதும் பூத்து நிற்கும் ஒரு சிறு செடியைக் கண்டிருக்கக்கூடும். நித்தியகல்யாணி என்பது அதன் பெயர். சுடுகாட்டு மல்லி என்றும் மக்கள் வழங்குவர். மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்டு நம் மண்ணில் குடியேறிய இச்செடியின் இலைகளிலிருந்து பிரித்தெடுக்கப்பெறும் மருந்துகளே, இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகள் பலரை இன்று உலகெங்கும் காத்து வருகின்றன. இடுகாட்டுக்கு உரியதென ஒதுக்கப்பட்ட செடி உயிர்காக்கும் மருந்தாகிய வரலாறு, பழைய மருத்துவமும் புதிய மருத்துவமும் எவ்வாறு கைகோத்தல் வேண்டும் என்பதை நமக்கு உணர்த்துவதாகும்.

நித்தியகல்யாணி காட்டும் வழி

நாட்டு மருத்துவத்தில் இச்செடி நீரிழிவுக்கே பயன்பட்டு வந்தது. கனடா நாட்டு ஆய்வாளர்களான இராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் ஆகியோரும் நீரிழிவுக்கு உதவுமா என்றே இதன் இலைச்சாற்றை ஆராய்ந்தனர். சருக்கரை குறையவில்லை, மாறாக, ஆய்வு விலங்குகளின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் பெரிதும் குறைந்தன. வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காது பெருகுவதே இரத்தப் புற்றுநோய் ஆதலின், இது அந்நோய்க்கு மருந்தாகலாம் என அவர்கள் உய்த்துணர்ந்தனர். 1958ஆம் ஆண்டில் வின்பிளாஸ்டின் என்னும் பொருள் வெளிப்பட்டது. அதன் உடன்பிறப்பாகிய வின்கிரிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் மருந்தாக ஏற்கப்பட்டது. அணு இரண்டாகப் பிரிவதற்குத் துணைபுரியும் நுண்ணிழைகளை உருவாகவிடாமல் தடுப்பதே இம்மருந்துகளின் செயலாகும்.

இங்கு ஒன்றை மறத்தல் கூடாது. இலையைக் கசாயமிட்டுக் குடித்தவர் எவரும் இரத்தப் புற்றுநோயினின்று மீளவில்லை. பொருளைப் பிரித்து, தூய்மை செய்து, அளவு கண்டு, நரம்பின் வழிச் செலுத்திய பின்னரே அது மருந்தாயிற்று. வின்கிரிஸ்டின் அளவு மிகுமாயின் நரம்புகளைத் தாக்கும் நஞ்சாகவும் மாறும்.

பாடாணம் மருந்தான கதை

சித்த மருத்துவம் 64 வகைப் பாடாணங்களைக் குறிப்பிடுகிறது. அவற்றுள் ஒன்றான வெள்ளைப் பாடாணம், வேதியியலார் ஆர்செனிக் டிரையாக்சைடு என அழைக்கும் பொருளே. சீன மருத்துவமும் இதனை நெடுங்காலம் அறிந்திருந்தது. போகர் என்னும் சித்தருக்குச் சீனத்தோடு தொடர்பு உண்டெனக் கூறும் நம் மரபை இங்கு நினைவுகூரலாம்.

1970களின் தொடக்கத்தில் சீனாவின் ஹார்பின் நகர மருத்துவர்கள், கிராமப்புறத்தில் புற்றுநோய்க்கு வழங்கப்பட்ட ஒரு கலவையை ஆராய்ந்தனர். அதில் வெள்ளைப் பாடாணம், இரசக் கலவை, தேரை நஞ்சு ஆகிய மூன்றும் இருந்தன. ஜாங் டிங்டாங் உள்ளிட்டோர் ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்ததில், பயன் தந்தது பாடாணம் மட்டுமே என்பது தெளிவாயிற்று. ஏனைய இரண்டும் தீங்கையே கூட்டின. இரத்தப் புற்றுநோயின் ஒரு வகையான புரோமைலோசைட்டிக் லுகேமியாவை இது வியக்கத்தக்க முறையில் தணித்தது. 2000இல் அமெரிக்காவும் இதனை ஏற்றது.

இவ்வரலாற்றில் தமிழகத்துக்கும் பங்குண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், 1998 முதல் 2004 வரை, புதிதாக இந்நோய் கண்டறியப்பெற்ற 72 பேருக்கு இம்மருந்து ஒன்றையே வழங்கினர். அவர்களுள் ஏறத்தாழ 86 விழுக்காட்டினருக்கு நோய் முழுமையாகத் தணிந்தது. விலைமிக்க மருந்துகளை வாங்க இயலாத ஏழை நோயாளிக்கு இது பெருங்கொடையாக அமைந்தது.

இணைப்பு எங்கே தீங்காகிறது?

இவற்றைக் கேட்டவுடன், மூலிகையாயின் தீங்கில்லை என முடிவு செய்வோர் உளர். அம்முடிவு பிழையானது. நம் பகுதியில் ஈசுரமூலி எனவும் பெருமருந்து எனவும் வழங்கும் கொடியும், ஆடுதின்னாப்பாளையும் அரிஸ்டோலோக்கியா என்னும் இனத்தைச் சார்ந்தவை. இவ்வினத்திலுள்ள அமிலம் சிறுநீரகத்தைச் சிதைப்பதோடு, சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையே தோற்றுவிக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியச் சீன மூலிகை உண்ட பெண்கள் பலர், அதில் இவ்வினச் செடி தவறுதலாகக் கலந்தமையால் சிறுநீரகம் இழந்தனர்.

மற்றோர் இடர், மருந்தோடு மருந்து மோதுவது. நாம் உண்ணும் மருந்துகளுள் பலவற்றைக் கல்லீரலின் நொதிகளே சிதைக்கின்றன. சில மூலிகைகள் அந்நொதிகளைத் தூண்டும்; சில தடுக்கும். தூண்டினால் புற்றுநோய் மருந்து பயன்தராது வெளியேறும். தடுத்தால் உடலில் தங்கி நஞ்சாகும். ஐரோப்பியர் மனச்சோர்வுக்கு உண்ணும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் மூலிகை, இரினோடெக்கான் என்னும் மருந்தின் செயலாற்றும் பொருளை இரத்தத்தில் 42 விழுக்காடு குறைத்ததென நெதர்லாந்து ஆய்வொன்று 2002இல் காட்டியது. குழம்பில் இடும் மஞ்சள் வேறு. மிளகின் சத்தோடு செறிவூட்டி விற்கப்படும் மஞ்சள் மாத்திரை வேறு. பின்னதால் கல்லீரல் பாதிக்கப்பட்டோர் உளர்.

இவற்றினும் கொடியது காலத்தாழ்வு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, குணப்படுத்தக்கூடிய நிலையிலிருந்த புற்றுநோயாளருள் வழக்கமான சிகிச்சையை விடுத்து மாற்று மருத்துவத்தை மட்டும் நாடியோர் இறக்கும் வாய்ப்பு, ஏனையோரினும் இரண்டரை மடங்காக இருந்தது. எண்களை விடவும் எனக்கு நெருங்கிய சான்று ஒன்றுண்டு. சிதம்பரத்தை அடுத்த சிற்றூரில் வாழ்ந்த என் பெரியம்மா, மார்பில் தோன்றிய கட்டியை எட்டுத் திங்கள் எவரிடமும் கூறாது பற்றுப் போட்டு மறைத்தார். மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது நோய் எலும்பைத் தொட்டிருந்தது. பற்று அவரைக் கொல்லவில்லை. பற்றை நம்பிக் கழிந்த எட்டுத் திங்களே அவரைக் கொண்டு சென்றன.

நல்ல இணைப்பு எவ்வாறு அமையும்?

முதற்கண் நோய் இன்னதெனத் திசு ஆய்வால் உறுதி செய்தல் வேண்டும். நோயையும் அதன் காரணத்தையும் ஆய்ந்த பின்னரே மருந்து என்பது வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் வகுத்த முறையன்றோ! இரண்டாவது, அறுவை, கதிர்வீச்சு, மருந்தேற்றம் ஆகியவற்றைத் தள்ளிப்போடாமை. மூன்றாவது, உண்ணும் ஒவ்வொரு சூரணத்தையும் இலேகியத்தையும் புற்றுநோய் மருத்துவரிடம் மறையாது கூறுதல். வாந்தி, உறக்கமின்மை, வலி போன்ற துன்பங்களைத் தணிப்பதில் மரபு முறைகளுக்கு இடமுண்டு. மருந்தேற்றத்தால் வரும் குமட்டலுக்கு அக்குபங்சர் பயன்படும் என அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் குழு 1997இல் ஏற்றுக்கொண்டது. எனினும் நோயை அழிக்கும் பணியும் துன்பத்தைத் தணிக்கும் பணியும் வெவ்வேறு.

‘புற்றுநோயை முற்றும் குணப்படுத்துவோம்’ என விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளது என்பதையும் நாம் அறிதல் நன்று. அத்தகைய விளம்பரத்தைக் கண்டால் விலகி நிற்றலே அறிவுடைமை.

நம் மாவட்டத்தார்க்கு வழி தொலைவில் இல்லை. 1985இல் அண்ணாமலை நகரில் இராசா முத்தையா பெயரால் தோன்றிய மருத்துவக் கல்லூரி இன்று அரசு மருத்துவக் கல்லூரியாக இயங்குகிறது. கடலூர்க்கு அண்மையில் புதுச்சேரி ஜிப்மர் உள்ளது. தமிழக அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தப் பிரிவும் ஒரே வளாகத்தில் அமைந்துள்ளது. இரு கதவுகளும் அருகருகே திறந்திருக்க, இரு மருத்துவரும் ஒருவரையொருவர் அறியாவண்ணம் நோயாளி நடுவே ஒளிவது ஏன்?

மாணவச் செல்வங்களே! உங்கள் அன்னையோ அத்தையோ ஒரு கட்டியைக் கூற நாணி மறைப்பாராயின், முதலில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மூலிகையைப் பற்றிய பேச்சு அதன் பின்னர் நிகழட்டும்.